லூபெக் மரியன்கிர்ஷெ: எது பழசு, எது போருக்குப் பின் கட்டியது?

வடக்குவாசல் (கேள்வி)

வணக்கம். ஹாம்பர்க்கில் தங்கும்போது ஒரு நாள் லூபெக் போய் மரியன்கிர்ஷெவை, அதாவது அங்குள்ள புனித மரியாள் தேவாலயத்தை, பார்ப்பதாகத் திட்டம். அப்பா அம்மாவும் வருகிறார்கள். அப்பாவுக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது.

வழிகாட்டி நூல்களைப் படித்ததில் குழப்பம்தான் மிச்சம். "13ஆம் நூற்றாண்டுக் கட்டடம்" என்கிறார்கள். அடுத்த வரியிலேயே "1942இல் எரிந்தது" என்கிறார்கள். எரிந்தது என்றால் நாங்கள் பார்க்கப்போவது எதை? பழைய கோவிலையா, அதன் நகலையா? குறிப்பாக நான்கு கேள்விகள்:

1. உள்ளே நிற்கும்போது இது பழசு, இது புதுசு என்று கண்ணால் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறதா?
2. கீழே விழுந்த மணிகள் இன்னும் அங்கேயே கிடக்கின்றனவாமே, எந்த இடத்தில்?
3. இசையமைப்பாளர் பாஹ் வந்து கேட்ட ஆர்கனை (குழல்கள் கொண்ட பெரிய இசைக்கருவி) இன்றும் கேட்க முடியுமா?
4. சுவரோவியங்கள் போலி என்று ஒரு பேச்சு. எல்லாமேவா?

காலையில் போய் மாலையில் திரும்புவதாக எண்ணம்.

---

ஏழுகோபுரம்

வண்டி விஷயத்த முதல்ல முடிச்சிடலாம். ஹாம்பர்க் மெயின் ஸ்டேஷன்லருந்து ஆர்இ 8, ஆர்இ 80னு ரெண்டு ரீஜனல் ரயில். முக்கால் மணி நேரத்துல லூபெக். டாய்ச்லாண்ட்டிக்கெட் (நாடு முழுக்க ரீஜனல் வண்டில போற மாசச் சீட்டு) வச்சிருந்தா அதுவே போதும். இல்லன்னா ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் நாள் டிக்கெட் எடுங்க, ஒரே டிக்கெட்ல அஞ்சு பேர் வரைக்கும் சேத்துக்கலாம். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க: வார நாள்ல காலை 9 மணிக்கு முன்னாடி அது செல்லாது. 8.50 வண்டில ஏறி அபராதம் கட்டுறவங்க நிறைய.

ஸ்டேஷன்லருந்து கோவில் ஒரு கிலோமீட்டர் சொச்சம். ஹோல்ஸ்டன்டோர் வாசல், அப்புறம் டிராவே ஆத்துப் பாலம், அப்புறம் ஹோல்ஸ்டன்ஸ்ட்ராசே. கடைசித் தெரு மேடு, லேசான ஏத்தம்தான். ஆனா பழைய ஊருக்குள்ள பல தெரு கல் பாவின தெரு, முழங்கால் வலி இருக்கறவங்களுக்கு ஏத்தத்தவிட அதுதான் படுத்தும். ஸ்டேஷன் பக்கத்துலயே பஸ் நிலையம் இருக்கு, அப்பாவ பஸ்ல கூட்டிட்டுப் போங்க.

மரியன்கிர்ஷெக்குப் போறதுக்கு முன்னாடி வழியிலயே வலது கைப்பக்கம் பெட்ரிகிர்ஷெ வரும். அதுவும் 1942ல அதே ராத்திரி எரிஞ்ச கோவில்தான், 1987லதான் வேலை முழுசா முடிஞ்சுது. அதோட கோபுரத்துல 50 மீட்டர் உயரத்துக்கு லிஃப்ட் இருக்கு! அப்பாவுக்கு இதுதான் சரியான இடம். மேலருந்து மரியன்கிர்ஷெ நேரா எதிர்ல தெரியும்: பச்சை பிடிச்ச செம்புக் கூம்பு ரெண்டு, பக்கவாட்டுல செங்கல்லயே கட்டின பறக்கும் தாங்குவளைவுகள், கீழ ஊர். மரியன்கிர்ஷெக்கும் ஆத்துக்கும் நடுவுல குறுகலான முக்கோண முகப்பு வீடுங்க வரிசையா தெரியும். பழசுன்னு ஏமாந்துடாதீங்க. 1942ல அந்தப் பகுதி மொத்தமா போச்சு. போருக்கப்புறம் அங்க பள்ளிக்கூடக் கட்டடங்கள் இருந்துது. அதையெல்லாம் இடிச்சு, தோண்டி ஆய்வு பண்ணி, பழைய மனை அளவுலயே மறுபடி வீடு கட்டினது இந்த நூற்றாண்டுலதான்.

மணிகள்: உள்ள போனதும் பீடம் இருக்கற கிழக்குப் பக்கம் போயிடாதீங்க. மேற்கால திரும்புங்க. ரெண்டு கோபுரத்துல தெற்குக் கோபுரத்தோட அடித்தளத்துல, கம்பிக் கதவுக்குப் பின்னாடி கிடக்கு. பல பேர் வடக்குப் பக்கம் தேடிட்டு "காணோமே"னு திரும்பிடறாங்க.

ஞாயித்துக்கிழமை காலைல போகாதீங்க, வழிபாடு நடக்கும், சுத்திப் பாக்க முடியாது. நுழைவுக்கு ஒரு சின்னத் தொகை வாங்குவாங்க.

---

செங்கல்சூளை

முதல் கேள்விக்கு என் பதில்: அது நகலில்லை. எரிந்த கட்டடமே நிற்கிறது. எரிந்தவை கூரை, கோபுரக் கூம்புகள், மணிகளைத் தாங்கிய மரச்சட்டம், வளைகூரையின் ஒரு பகுதி, உள்ளே இருந்த மரச்சாமான்கள். சுவர்களும் தூண்களும் நடுக்காலத்தவை.

ஏன் நின்றது என்பதைப் புரிந்துகொண்டால், எதைப் பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். 1942 மார்ச் 28 இரவு, மறுநாள் குருத்து ஞாயிறு, பிரிட்டிஷ் விமானப்படையின் 234 விமானங்கள் வந்தன. போட்டதில் பெரும்பகுதி தீக்குண்டுகள். மரக்கூரைகளும் குறுகலான தெருக்களும் கொண்ட பழைய ஊர் எளிதில் பற்றும் என்பதே கணக்கு. ஆகவே இங்கே நடந்தது பெரும்பாலும் வெடிப்புச் சேதமன்று, தீச்சேதம். செங்கல் ஏற்கெனவே சூளையில் வெந்த பொருள். தீயில் அது கறுக்கும், மேல்தோல் உரியும், ஆனால் மாவாகாது. சுண்ணாம்புக்கல்லாக இருந்திருந்தால் கதை வேறு. 1914 செப்டம்பர் 19இல் பிரான்சின் ரேன்ஸ் பேராலயம் எரிந்தபோது, சிற்பங்களின் கல் வெப்பத்தில் நீற்றுப்போய்த் தொட்டால் உதிர்ந்தது. லூபெக்கில் அப்படி ஆகவில்லை.

வளைகூரை நடுக்கூடத்தில் 38.5 மீட்டர் உயரம். செங்கல் வளைகூரையில் உலகிலேயே உயரமானது என்பது சரிதான். அதன் மேல் தனியாக ஒரு மரக்கூரை இருந்தது. அந்த மரச்சட்டம் எரிந்து சரிந்த இடங்களில் வளைவும் உடைந்து விழுந்தது. மீட்புப் பணி 1947இல் தொடங்கி ஏறத்தாழ 12 ஆண்டுகள் நடந்தது. இன்று மேலே இருக்கும் கூரைச்சட்டத்திலும் கோபுரக் கூம்புகளிலும் மரமே கிடையாது, இலேசான கான்கிரீட். இன்னொரு முறை எரியக் கூடாது என்று எடுத்த முடிவு அது. கீழே நின்றால் தெரியாது. கோடை மாதங்களில் சில நாள்களில் வழிகாட்டியுடன் வளைகூரைக்கு மேலே அழைத்துப் போகிறார்கள், அதில் போனால் பார்க்கலாம். நாள் எது என்பதைத் தேவாலயத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். குறுகிய சுழல்படி, உங்கள் அப்பாவுக்கு வேண்டாம்.

கண்ணால் பிரித்துப் பார்க்க வெளிச்சுவர்தான் நல்ல பாடம். ஓர் இடத்தில் சுவருக்கு இரண்டடி தூரத்தில் நின்று மூன்றைக் கவனியுங்கள்.

கல்லின் அளவு. நடுக்காலச் செங்கல் கையால் வார்த்தது. நீளம் 28 செ.மீ., உயரம் 8-9 செ.மீ. சுற்றுவட்டத்தில் இருக்கும். ஒரே அளவில் இரண்டு கல் கிடைக்காது. விளிம்பு மழுங்கியிருக்கும், நிறம் கருஞ்சிவப்பிலிருந்து ஆரஞ்சு வரை ஓடும். பிற்காலப் பழுதுபார்ப்பில் வைத்த கல் விளிம்பு கூராக, நிறம் ஒரே சீராக இருக்கும்.

அடுக்கு முறை. பழைய சுவரில் நீளவாக்கில் இரண்டு கல், குறுக்குவாக்கில் ஒன்று, மறுபடி நீளவாக்கில் இரண்டு என்று வரிசை ஓடும். அந்தத் தாளம் திடீரென்று தடுமாறும் இடத்தில் யாரோ பிற்காலத்தில் கை வைத்திருக்கிறார்கள். (போர்தான் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். 19ஆம் நூற்றாண்டுக்காரர்களும் இந்தக் கோவிலைச் சும்மா விட்டதில்லை.)

சாந்து. இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. லூபெக்கில் நடுக்காலக் கொத்தர்கள் சுண்ணாம்புச் சாந்தோடு ஜிப்சம் சாந்தையும் தாராளமாகப் பயன்படுத்தினார்கள். பக்கத்திலிருக்கும் செகபெர்க் மலையில் ஜிப்சம் கிடைத்தது. சீக்கிரம் இறுகும், உறுதியானது, நனையாத வரை பிரச்சினை இல்லை. பிற்காலத்தில் சிமென்ட் சாந்தால் பழுது பார்த்த இடங்களில்தான் வினை ஆரம்பித்தது. ஜிப்சத்தின் சல்ஃபேட்டும் சிமென்டின் அலுமினேட்டும் ஈரத்தோடு சேர்ந்தால் எட்ரிங்கைட் என்ற ஊசிப் படிகம் வளரும். அது இடம் பிடித்து வீங்கும், சுவரை உள்ளிருந்தே பிளக்கும். இந்த வட்டாரத்துக் கோபுரங்களில் சாரம் கட்டியிருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். மூட்டுகள் வெளித்தள்ளிப் புடைத்திருக்கின்றனவா, கல்லின் முகம் பெயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆகவே அங்கே சாரத்தைப் பார்த்தால் "படம் எடுக்க விடாமல் மறைத்துவிட்டார்களே" என்று சலித்துக்கொள்ள வேண்டாம். அதுவும் 1942இன் தொடர்ச்சியாக இருக்கலாம்.

---

சுவரோவியன்

நாலாவது கேள்வி என்னுடையது. "எல்லாமே போலி" என்பது தவறு. "எல்லாமே அசல்" என்பது அதைவிடத் தவறு.

நடந்தது இது. 16ஆம் நூற்றாண்டின் புராட்டஸ்டன்ட் மதச் சீர்திருத்தத்துக்குப் பின் உட்சுவர் முழுக்கச் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள், மேலே மேலே பல பூச்சு. 1942 தீயின் வெப்பத்தில் அந்தப் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. அடியிலிருந்து கோதிக் கால ஓவியங்கள் தலைகாட்டின. கூரை இல்லாத கோவில், மழை, பனி. இருந்ததும் மங்கியது. போருக்குப் பின் மீட்டெடுக்கும் வேலை டீட்ரிஷ் ஃபை என்பவரிடம் போனது. சாரத்தில் ஏறி நின்று வேலை செய்தவர் லோதார் மால்ஸ்காட்.

நடுக்கூடத்தில் கோடும் நிறமும் ஓரளவு மிஞ்சியிருந்தன, மால்ஸ்காட் அதன் மேலேயே தாராளமாகத் தீட்டினார். பீடப்பகுதியின் மேல்சுவரில் மிஞ்சியது ஏறக்குறைய ஒன்றுமில்லை. அங்கே 21 உருவங்களைச் சொந்தமாகவே வரைந்துவிட்டார். 1951இல் கோவிலின் 700ஆம் ஆண்டு விழா. அன்றைய மேற்கு ஜெர்மனிப் பிரதமர் அடினாவர் வந்தார், மேற்கு ஜெர்மனி அஞ்சல் துறை இந்த ஓவியங்களை வைத்து இரண்டு தபால்தலை வெளியிட்டது, அறிஞர்கள் புகழ்ந்து எழுதினார்கள். புகழெல்லாம் ஃபைக்குப் போனது. 1952இல் மால்ஸ்காட் "வரைந்தது நான்தான்" என்று தானே சொன்னார். யாரும் நம்பவில்லை! வழக்கறிஞரை வைத்துத் தன் மேலேயே புகார் கொடுக்க வேண்டியதாயிற்று. 1955இல் தீர்ப்பு: ஃபைக்கு 20 மாதம், மால்ஸ்காட்டுக்கு 18 மாதம் சிறை.

பீடப்பகுதிப் போலிகளைக் கழுவி எடுத்துவிட்டார்கள். நடுக்கூடத்தில் இருப்பவை இன்றும் இருக்கின்றன. ஆகவே பார்க்க வேண்டிய முறை இப்படி:

நடுக்கூடத்தில் மேற்கே நின்று, தூண்களுக்கு மேல், சன்னல் வரிசையின் உயரத்தில் பாருங்கள். 8 மடங்கு பைனாகுலர் கட்டாயம், வெறுங்கண்ணுக்கு அது வெறும் வண்ணத் திட்டு. உருவத்தின் அடிப்படை அமைப்பு, மேலே கூம்பிய மாட வடிவம், இருக்கும் இடம் ஆகியவை நடுக்காலத்தவை. ஆனால் முகத்தின் சுற்றுக்கோடு ஒரே அழுத்தத்தில், எங்கும் அறுபடாமல் ஓடினால் அது 1950க்கு நெருங்கிய கை. அறுநூறு ஆண்டுச் சுவரில் கோடு அப்படி முழுசாக இருக்காது. அப்புறம் அப்படியே கிழக்கே நடந்து பீடப்பகுதியில் அதே உயரத்தைப் பாருங்கள். அந்த வெறுமை இருக்கிறதே, 21 உருவங்கள் நின்ற இடம் அது. கோவிலில் நான் சிபாரிசு செய்யும் இடங்களில் இந்த வெற்றுச்சுவர்தான் முதல். வழிகாட்டிக் குழுக்கள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

உபரிச் செய்தி. இதே இருவர் போருக்கு முன் ஷ்லெஸ்விக் பேராலயத்திலும் வேலை பார்த்தார்கள். அங்கே 13ஆம் நூற்றாண்டு ஓவியப்பட்டையில் வான்கோழி! கொலம்பசுக்கு முன் ஐரோப்பாவில் ஏது வான்கோழி? "வைக்கிங்குகள் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்திருப்பார்கள்" என்று அன்றைய அறிஞர்கள் சிலர் விளக்கம் கொடுத்தார்கள். தப்பைத் தூக்கிப் பிடிக்க அறிஞர்களுக்கா பஞ்சம்?

---

குழலிசை

மூன்றாவது கேள்வி, பாஹ் கேட்ட ஆர்கன்: கேட்க முடியாது. சுருக்கமாகக் காரணம்.

பாஹ் 1705இல் ஆர்ன்ஷ்டாட் ஊரிலிருந்து நடந்து வந்தது இசையமைப்பாளர் புக்ஸ்டெஹூடவைக் கேட்க. அவர் 1668 முதல் 1707இல் இறக்கும்வரை இங்கே ஆர்கன் வாசித்தவர். அன்று இரண்டு ஆர்கன்கள் இருந்தன. மேற்குச் சுவரில் இருந்த பெரியதை 19ஆம் நூற்றாண்டிலேயே கழற்றிவிட்டு வேறு வைத்தார்கள். வடக்குப் பக்கம் "மரண நடன ஆர்கன்" என்ற சிறியது 1942வரை இருந்தது, அதுவும் தீயில் போனது. இன்று மேற்கே பார்ப்பது 1968இல் கெம்பர் நிறுவனம் செய்தது: 5 விசைப்பலகை, 101 சுருதி வரிசை, 8,512 குழல். பிரமாண்டம், ஆனால் பாஹ் கேட்டதல்ல. இன்றைய மரண நடன ஆர்கன் 1986இல் செய்தது.

பழைய ஒலி வேண்டுமென்றால் ஐந்து நிமிட நடையில் யாகோபிகிர்ஷெ. குண்டுவீச்சில் தப்பிய கோவில். அங்கே வடக்குச் சுவரில் ஆர்கன் செய்பவரான ஸ்டெல்வாகன் 1637இல் விரிவாக்கிய சிறிய ஆர்கன் இருக்கிறது. அதில் 15ஆம் நூற்றாண்டுக் குழல்கள் இன்னும் ஒலிக்கின்றன. கச்சேரி நாள் பார்த்துப் போங்கள், இல்லாவிட்டால் பெட்டியை மட்டும் பார்த்துவிட்டு வர வேண்டியிருக்கும்.

---

வடக்குவாசல் (கேள்வி கேட்டவர்)

எல்லோருக்கும் நன்றி. பாஹ் விஷயம் நல்லவேளை கேட்டேன், அம்மாவிடம் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தேன்.

இன்னும் இரண்டு. வானியல் கடிகாரம் பீடத்துக்குப் பின்புறம் இருக்கிறது என்று ஒரு பழைய நூலில் படித்தேன், சரிதானா? மணிகளை அப்படியே போட்டு வைத்திருப்பது வேண்டுமென்றேவா, இல்லை தூக்க முடியாமலா?

---

ஏழுகோபுரம்

உங்க புத்தகம் 1942க்கு முன்னாடி இருந்த கோவிலப் பத்தி எழுதினது போல. பழைய கடிகாரம், 1561-66ல செஞ்சது, பீடத்துக்குப் பின்னாடிதான் இருந்துது. முழுசா எரிஞ்சு போச்சு. இப்ப இருக்கறது பால் பெரன்ஸ்ங்கற லூபெக் கடிகாரக்காரர் 1960-67ல செஞ்சது, வடக்குப் பக்கம் மரண நடனச் சிற்றாலயத்துல நிக்குது. பகல் 12 மணிக்கு உருவங்கள் வரிசையா வெளில வந்து கிறிஸ்துவக் கடந்து போகும். சட்டுனு முடிஞ்சிடும். 11.50க்கே முன்னாடி நின்னுக்கோங்க. 12.01க்கு ஓடி வர்றவங்களுக்கு முதுகுதான் தெரியும்.

இதுல ஒரு சிக்கல். அதே நேரத்துல தெற்குக் கோபுரத்து மணிமாலையும் (பாட்டு வாசிக்கற மணித் தொகுதி) வெளிய இசைக்கும். ரெண்டையும் ஒரே 12 மணிக்குப் பிடிக்க முடியாது. மணிமாலை மத்த மணிக்கும் அடிக்கும், அதனால 12க்கு உள்ள இருங்க, 1 மணிக்கு வெளிய நின்னு கேளுங்க. அந்த மணிகள் லூபெக்ல வார்த்ததில்ல, டான்சிக் நகரத்து (இன்னிக்குப் போலந்துல இருக்கற க்டான்ஸ்க்) புனித கத்தரீன் கோவில் மணிகள். போர்க்காலத்துல உருக்கறதுக்காகக் கழட்டி ஹாம்பர்க்ல குவிச்சு வச்சதுல உருகாம தப்பினது. 1954ல இங்க மாட்டினாங்க.

அந்தச் சிற்றாலயத்துல நிக்கும்போதே சன்னலப் பாருங்க. அங்க ஒரு காலத்துல ஓவியர் பெர்ன்ட் நோட்கே 1463ல தீட்டின "மரண நடனம்" சுவரச் சுத்தி இருந்துது. போப், பேரரசன், வணிகன், குழந்தைன்னு ஒவ்வொருத்தர் கையயும் எலும்புக்கூடு பிடிச்சு ஆடற படம். 1701ல அத எடுத்துட்டு நகல் வச்சாங்க, 1942ல நகலும் எரிஞ்சுது. இப்ப இருக்கற கண்ணாடி 1950கள்ல ஆல்ஃப்ரெட் மால்லாவ் வடிவமைச்சது. அதே நடனம், கூடவே எரியற ஊர்.

---

செங்கல்சூளை

வேண்டுமென்றேதான். 1508இல் வார்த்த ஞாயிறு மணி ஏறத்தாழ 2 டன். 1668இல் வார்த்த பெரிய மணி 7 டன்னுக்குச் சற்று மேல். அந்த எடையைத் தூக்க பாரந்தூக்கி இயந்திரங்கள் 1950லும் இருந்தன. மரச்சட்டம் எரிந்து அறுந்ததும் கோபுர உயரத்திலிருந்து கீழே வந்தவை அவை. விழுந்த இடத்திலேயே நினைவிடமாக விட்டுவிட்டார்கள்.

கம்பிக் கதவின் முன் நிற்கும்போது முழு மணியைத் தேடாதீர்கள். தரைக்கல் குழிந்து நொறுங்கியிருக்கும். அதன் மேல் வெண்கலத் துண்டுகள், வளைந்த ஓட்டுத் துண்டு மாதிரி. ஒரு துண்டின் உட்புறம் தெரியும், இன்னொன்றின் வெளிப்புறம் தெரியும். உடைந்த விளிம்பைப் பார்த்தால் மணியின் சுவர் எவ்வளவு தடிமன் என்று அப்போதுதான் உறைக்கும். மணி வெண்கலத்தில் ஐந்தில் ஒரு பங்கு வெள்ளீயம். அதனால்தான் நன்றாக ஒலிக்கும், அதனால்தான் அடிபட்டால் நசுங்காமல் கண்ணாடிபோல் உடையும். சுத்தச் செம்பாக இருந்தால் சப்பளிந்திருக்கும்.

அங்கேயே ஆணிச் சிலுவை ஒன்று உண்டு, இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரிலிருந்து வந்தது. 1940 நவம்பர் 14இல் ஜெர்மன் குண்டுவீச்சில் எரிந்த கோவென்ட்ரி பேராலயத்தின் கூரையில் கிடைத்த நடுக்கால ஆணிகளைச் சேர்த்துச் செய்த சிலுவைதான் முதலாவது. பின்னர் அதே வடிவில் செய்து பல ஊர்களுக்கு அனுப்பினார்கள்.

---

கல்லெழுத்து

இதுவரை யாரும் சொல்லாத ஒன்று: தப்பிப் பிழைத்த பொருள்கள் அதிகம். எரிந்ததையே பேசிக்கொண்டிருந்தால் இவற்றைத் தவறவிடுவீர்கள்.

வெண்கலத் திருமுழுக்குத் தொட்டி, 1337, ஹான்ஸ் அபெங்கெட்டர் வார்த்தது. பீடப்பகுதியின் வடசுவரில் நற்கருணைக் கோபுரம் (நற்கருணை அப்பத்தை வைக்கும் பேழை), 1479, ஒன்பதரை மீட்டர் உயரத்துக்கு ஊசி போல் எழும்பி நிற்கும் உலோக வேலை. கிழக்குக் கோடியிலுள்ள சிற்றாலயத்தில் 1518ஆம் ஆண்டு ஆன்ட்வெர்ப் பீடம். இதற்குக் குறைந்தது கால் மணி ஒதுக்குங்கள், சின்னச் சின்ன மரச்சிற்பம், தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் பொன்பூச்சு.

பீடத்தைச் சுற்றிய நடைபாதையில் 1515ஆம் ஆண்டு மணற்கல் புடைப்புச் சிற்பங்கள், ஹைன்ரிஷ் பிராபெண்டர் செதுக்கியவை: பாதம் கழுவுதல், கடைசி இரவுணவு, ஒலிவ மலை, கைது. இரவுணவுச் சிற்பத்தின் ஓரத்தில், கைக்கெட்டும் உயரத்தில், ரோஜாச் செடியின் வேரைக் கடிக்கும் சுண்டெலி ஒன்று. உள்ளங்கைக்குள் அடங்கும். தொட்டால் நல்லது என்று ஊர் நம்பிக்கை. தொட்டுத் தொட்டு எலி மட்டும் கறுத்துப் பளபளக்கும், சுற்றியுள்ள கல் வெளிறியே இருக்கும். தேட வேண்டாம், கறுத்த புள்ளியைப் பாருங்கள், அதுதான்.

அதே நடைபாதையில் சில பளிங்குத் துண்டுகள் நிற்கும், பலர் போர்ச்சேதம் என்று படமெடுப்பார்கள். பாதிதான் சரி. 1697இல் தாமஸ் குவெல்லினுஸ் செய்த பரோக் பீடத்தின் மிச்சம் அவை. 1942இல் அது அடிபட்டது உண்மை, ஆனால் திருத்தியிருக்கலாம். 1950களின் இறுதியில் கோவில் நிர்வாகமே அதைப் பிரித்து எடுத்துவிட்டது. கோதிக் கோவிலில் பரோக் எதற்கு என்ற அன்றைய ரசனை. எனக்கு அது பெரிய தவறாகவே படுகிறது. குண்டு மிச்சம் வைத்ததை ரசனை முடித்துவைத்தது.

தென்மேற்கில் பிரீஃப்கப்பெல்லெ என்ற சிற்றாலயத்தையும் விட்டுவிடாதீர்கள். 1310. இரண்டே இரண்டு ஒல்லிக் கருங்கல் தூண்கள், ஒவ்வொன்றும் ஒரே கல், அவற்றின் மேல் நட்சத்திர வடிவில் விரியும் வளைகூரை. குளிர்காலத்தில் வழிபாடு இங்கே நடப்பதுண்டு, அந்த நேரம் பூட்டியிருக்கலாம். எந்த மாதம் போகிறீர்கள்?

---

வடக்குவாசல் (கேள்வி கேட்டவர்)

நவம்பர் கடைசி வாரம்.

---

ஏழுகோபுரம்

அப்படின்னா திட்டத்த மாத்துங்க. அந்த சமயம் நாலு மணிக்கெல்லாம் பொழுது சாயும். நடுக்கூடத்து ஓவியம் பாக்க வெளிச்சம் வேணும். சன்னல்ல பெரும்பாலும் வண்ணமில்லாத கண்ணாடிங்கறதால பகல்ல உள்ள நல்லாவே தெரியும், மூணு மணிக்கப்புறம் பைனாகுலர் வச்சும் பிரயோஜனம் இல்ல. அதனால முதல்ல மரியன்கிர்ஷெ, பத்தரைக்குள்ள உள்ள போயிடுங்க. வெளிச்சம் இருக்கறப்பவே ஓவியமும் வெற்றுச்சுவரும், அடுத்து நடைபாதை, எலி, 11.50க்கு கடிகாரம், அப்புறம் மணிகள், ஒரு மணிக்கு வெளிய. பெட்ரி லிஃப்ட் அதுக்கப்புறம், மூணு மணிக்குள்ள. யாகோபி கடைசில.

நவம்பர் கடைசின்னா கிறிஸ்துமஸ் சந்தை ஆரம்பிச்சிருக்கும், ரதவுஸ் (நகரமன்றம்) சதுக்கம் பூரா கூட்டம். கோவில் அதை ஒட்டித்தான் இருக்கு. வார நாள் காலைன்னா தாங்கும், சனிக்கிழமை வேண்டவே வேண்டாம்.

இவ்வளவு பெரிய செங்கல் கூடத்துல சூடு நிக்காது, வெளியவிட உள்ளதான் குளிரும். தரை கல்லு. அப்பாவுக்குத் தடிச்ச அடியுள்ள ஷூ, ரெண்டு ஜோடி சாக்ஸ். நடுநடுவுல நடுக்கூடத்து இருக்கைல உக்காரலாம், ஓவியத்த அங்கருந்தே பாக்கலாம்.

---

சுவரோவியன்

ஒரு சின்னத் திருத்தம். உட்கார்ந்து பார்ப்பதென்றால் தென்பக்கச் சுவரின் ஓவியங்களுக்கு வடபக்க இருக்கை, வடபக்கத்துக்குத் தென்பக்க இருக்கை. நேர்கீழே உட்கார்ந்தால் கழுத்து வலிதான் மிச்சம். பைனாகுலரை முன்வரிசை இருக்கையின் முதுகில் முட்டுக்கொடுத்துப் பிடித்தால் கை ஆடாது.